கைக்கேற்ற சுட்டி



இன்று நான் பேசப் புகும் பொருள் மிகச் சிறியது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், பெரும்பாலும் நூறு கிராம் எடைகூட இராது. கணிப்பொறியின் அருகே கிடக்கும் சுட்டியைத்தான் கூறுகிறேன். பாடநூலில் அதற்குச் சுட்டி என்று பெயர். ஆனால், எங்கள் சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவுக்குச் சென்று, "ஒரு சுட்டி கொடுங்கள்" என்றால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். அங்கே மௌஸ் என்றுதான் கேட்க வேண்டும். பகலில் படிப்புக்கும் எழுத்து வேலைக்கும், மாலையில் விளையாட்டுக்கும் ஒரே சுட்டி போதுமா, போதுமாயின் எதனைத் தேர்ந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சு.

முப்பத்து மூன்று ஆண்டுகள் சாக்குக்கட்டி பிடித்தவனுக்கு இதைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று உங்களில் சிலர் எண்ணலாம். தகுதி ஒன்று உண்டு. நான் ஒருமுறை தவறான சுட்டியை வாங்கினேன். அதுவும் நல்ல விலை கொடுத்து வாங்கினேன்.

என் பேரன் வேற்றூரில் வளர்ந்தவன். கல்லூரிப் படிப்பின் பொருட்டு எங்கள் இல்லத்துக்கு வந்து சேர்ந்தான். வீட்டில் கணிப்பொறி ஒன்றே. காலையில் அது என்னுடையது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடக் குறிப்புகளைத் தட்டச்சுச் செய்வேன். பழைய மாணவர் சிலர் அனுப்பும் கட்டுரைகளைத் திருத்துவேன். மாலையில் அது அவனுடையது. முதலிற் கல்லூரிப் பயிற்சி, பின்னர் நண்பர்களோடு விளையாட்டு. அவனுடைய பிறந்த நாள் வந்தது. அவனிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் கடைக்குச் சென்றேன். ஒரு பெட்டியின்மேல் 16,000 என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. உள்ளிருந்த சுட்டியோ பல வண்ண ஒளியை மாறி மாறி வீசிற்று. மதிப்பெண் பட்டியலைப் பார்த்தே காலங்கழித்தவன் நான். பெரிய எண்ணைக் கண்டால் என் மனம் தானாகவே மகிழும். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பேரன் நன்றி கூறிப் பெற்றுக்கொண்டான். இரண்டு வாரம் கழிந்தபின் ஒரு மாலை அறைக்குள் நுழைந்தேன். புதிய சுட்டி பெட்டிக்குள் இருந்தது. தேய்ந்து பளபளத்த பழைய முந்நூறு ரூபாய்ச் சுட்டியை அவன் இடக்கையால் நகர்த்தி விளையாடிக்கொண்டிருந்தான்.

"ஏனப்பா, அது பிடிக்கவில்லையா?" என்றேன்.

"நல்ல மௌஸ்தான், தாத்தா. ஆனால் அது வலக்கைக்கென்றே செய்தது. எனக்குப் பொருந்தவில்லை" என்றான். சற்றுத் தயங்கி, "உங்கள் மனம் வருந்துமே என்று சொல்லவில்லை" என்றும் கூறினான்.

அவன் இடக்கையால் எழுதுபவன் என்பதை நான் அறியாதவனல்லன். ஆயினும் அவன் உண்பது வலக்கையால். நம் வீடுகளில் அப்படித்தான் பழக்குகிறோம். நாள்தோறும் அவனோடு அமர்ந்து உண்ட எனக்குக் கடையில் நின்றபோது அவனுடைய இடக்கை நினைவுக்கே வரவில்லை.

அன்றிரவு வேறொரு கை என் நினைவுக்கு வந்தது. நான் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். சிலேட்டை முன்னே வைத்தால் பலப்பம் அவன் இடக்கைக்குப் போகும். நானோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் குழந்தை உளவியல் கற்றவன். இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையை வற்புறுத்தி மாற்றலாகாது என்று விடைத்தாளில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றவன். அப்படியிருந்தும், பலப்பம் இடக்கைக்குப் போனபோதெல்லாம் அடிகோலால் அவன் விரல்களைத் தட்டினேன். வலிக்கும்படி அடிக்கவில்லை என்று நெடுநாள் என்னையே தேற்றிக்கொண்டதுண்டு. ஆண்டின் முடிவில் அவன் வலக்கையால் எழுதினான். எழுத்துக் கோணலாக இருந்தது. அந்தக் கோணலுக்காகவும் நான் மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

மறுநாள், "வா, இருவருமாகச் சென்று வேறொன்று பார்ப்போம், இம்முறை கையைக் கேட்டு வாங்குவோம்" என்று பேரனை அழைத்தேன். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேற்போவதில்லை என்று இருவரும் முடிவு செய்துகொண்டோம். முதற்சுட்டியை அடுத்த தெருவில் வலக்கையால் விளையாடும் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோம்.

எங்கள் வீட்டிலிருந்து ரிச்சி தெருவுக்கு நடந்தே செல்லலாம். நடக்கும்போது ஊர்க்கதை பேசுவது என் வழக்கம். கூவம் வளைந்தோடும் இந்தப் பேட்டை 1734ஆம் ஆண்டில், மார்ட்டன் பிட் ஆளுநராக இருந்த காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியார் நெசவாளரையும் நூல் நூற்போரையும் குடியேற்றி அமைத்த ஊர். சின்னத் தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை என மருவிற்று என்று இங்குள்ளோர் கூறுவர். தறியின் முன் அமர்ந்த நெசவாளி நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிப்பான். அடுத்த இழைக்கு, பிடித்த கையே எறியும் கையாகும். இதைச் சொன்னபோது பேரன் நகைத்து, "அப்படியானால் உங்கள் ஊரில் முதலில் குடியேறியவர்கள் இரண்டு கையாலும் வேலை செய்தவர்களா?" என்று கேட்டான்.

சுட்டியின் கதையிலும் இரண்டு கைகள் உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் பணிபுரிந்த டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவரின் கருத்துக்கு இணங்க, அவருடைய துணைவர் பில் இங்கிலிஷ் 1964ஆம் ஆண்டில் முதற்சுட்டியைச் செய்தார். அது ஒரு மரக்கட்டை. அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள். மேலே ஒரே பொத்தான். 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் அறிஞர் அவையில் எங்கல்பார்ட் அதை இயக்கிக் காட்டினார். அன்று அவருடைய வலக்கையில் சுட்டி இருந்தது. இடக்கையின் கீழோ ஐந்து கட்டைகளுள்ள வேறொரு கருவி இருந்தது. ஐந்தையும் பலவாறு சேர்த்து அழுத்தி எழுத்துகளை உள்ளிடலாம். சுட்டி உலகெங்கும் பரவிற்று. அந்த ஐந்து கட்டைக் கருவி பொதுவழக்குக்கு வரவில்லை. எனக்கு அதன்மேல் ஓர் இரக்கம் உண்டு.

ரிச்சி தெருவைக் காணாத மாணவர்களுக்கு ஒரு சொல். அண்ணா சாலைக்குப் பின்னே உள்ள குறுகிய தெரு அது. வானொலிப் பெட்டியின் உதிரிப் பாகங்களை நாடி அங்கே சென்ற தலைமுறை ஒன்று உண்டு. இன்று அங்கே கணிப்பொறியும் கைப்பேசியும் அவற்றின் உறுப்புகளும் குவிந்து கிடக்கின்றன. சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்ட கம்பிச் சுருள்களுக்கு நடுவே ஆள் நுழைவதே அரிது. நாங்கள் சென்ற கடையில் இளைஞர் ஒருவர் ஒளிவீசும் சுட்டிகளை வரிசையாக எடுத்து வைத்து, "இதுதான் சார், இப்போது மிகுதியாக ஓடுகிறது" என்றார்.

"தம்பி, ஓடுவது இருக்கட்டும். இவனுக்கு இடக்கை, எனக்கு வலக்கை. விளையாட்டும் ஆக வேண்டும், வேலையும் ஆக வேண்டும். இரண்டு பேருக்கும் ஒன்றே வேண்டும்" என்றேன்.

அவர் சற்று நேரம் சிந்தித்துவிட்டு, எடுத்து வைத்தவற்றுள் பெரும்பாலானவற்றை மீண்டும் உள்ளே வைத்துவிட்டார்.

ஒரு தேவையைத் தெளிவாகச் சொன்னவுடன் கடையில் முக்கால் பங்கு மறைந்துவிடுவதைக் கவனியுங்கள். சுட்டிகள் உருவத்தால் இருவகை. ஒருவகை வலக்கையின் வளைவுக்கேற்ப ஒருபுறம் சாய்ந்து, கட்டைவிரலுக்குக் குழிவும் கொண்டது. வலக்கையாளருக்கு அது மிக இதமானது. நெடுநேர எழுத்து வேலைக்கு நன்று. மற்றொரு வகை இருபுறமும் ஒத்த வடிவுடையது. இடக்கையால் எழுதுவோர் பலர் சுட்டியை வலக்கையால் பிடிக்கப் பழகிக்கொள்கின்றனர். அவர்களுக்கு எதுவும் தடையில்லை. பழகிக்கொள்ளாதவர்க்கும், கை வேறுபட்டவர் பகிர்ந்துகொள்ளும் வீட்டுக்கும் இரண்டாம் வகையே உதவும்.

வணிகப் பெயர்களை வானொலியிற் கூறுவது மரபன்று; ஆதலால் அவற்றை விட்டுவிடுகிறேன். கூறினும் பயனில்லை. இவ்வாண்டு விற்பது அடுத்த ஆண்டு இராது. கையோ என்றும் அதுவே.

இனி, என்னை மயக்கிய 16,000க்கு வருவோம். டி.பி.ஐ. என்று அவர்கள் கூறும் அந்த எண், சுட்டி ஓர் அங்குலம் நகர்ந்தால் எத்தனை புள்ளிகளைக் கணக்கிடும் என்பதைக் குறிப்பது. 1920 புள்ளி அகலமுள்ள திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 800 என்று அமைத்தால் அம்புக்குறி திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் செல்லக் கை 2.4 அங்குலம் நகர வேண்டும். 1600 எனின் 1.2 அங்குலம். 16,000 எனின் வெறும் மூன்று மில்லிமீட்டர்! மூன்று மில்லிமீட்டருக்குள் முழுத் திரையையும் அடக்கி, அதில் ஒரு சிறு பொத்தானைத் தொட எந்த மனிதக் கையால் இயலும்? துப்பாக்கி விளையாட்டில் தேர்ந்த போட்டியாளர் பலரும் 400 முதல் 1600 வரையிலேயே வைத்துக்கொள்கின்றனர். எழுத்து வேலைக்கும் 800 முதல் 1600 வரை போதும். ஆகவே பெரிய எண் இருந்தால் கேடில்லை. அதற்கெனத் தனியே பணம் கொடுக்க வேண்டா. சக்கரத்துக்குப் பின்னே அந்த எண்ணை மாற்றும் சிறு பொத்தான் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வேலைக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று என மாற்றிக்கொள்ள அது உதவும்.

இன்னொரு எண்ணும் உண்டு. சுட்டி தன் இருப்பிடத்தை நொடிக்கு எத்தனை முறை கணிப்பொறிக்குத் தெரிவிக்கிறது என்பது அது. சாதாரணச் சுட்டி 125 முறை, அதாவது எட்டு மில்லி வினாடிக்கு ஒருமுறை சொல்லும். விளையாட்டுச் சுட்டி 1000 முறை சொல்லும். நொடிக்கு 60 முறை படம் மாறும் எளிய திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே ஏறத்தாழ 17 மில்லி வினாடி கழிந்துவிடும். எனவே 1000 போதும் என்பதோடு, அதற்கு மேற்பட்டவை நம்மைப் போன்றார்க்கு வேண்டுவதில்லை. இந்த ஒன்றில் மட்டும் விளையாட்டுச் சுட்டிக்குச் சற்று மிகுதியாகக் கொடுப்பதில் பொருளுண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. அம்புக்குறி தயங்காமல் கையோடு வருவது எழுதுபவனுக்கும் இன்பமே.

கம்பியா, கம்பியின்மையா என்பது அடுத்த ஐயம். புளூடூத் வழி இயங்கும் சுட்டி வேலைக்கு நன்று. விரைந்த விளையாட்டுக்குச் சற்றுத் தாமதிக்கும். தனி வாங்கியைச் செருகி இயக்கும் கம்பியில்லாச் சுட்டி இரண்டுக்கும் உதவும். ஆனால் விலை ஏறும், மின்கலம் தீரும். நாங்கள் கம்பியுள்ளதையே எடுத்தோம். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள், உறங்குகின்ற அறைத் தோழனை எண்ணி, ஓசையின்றிச் சொடுக்கும் வகையையும் கருதலாம்.

எண்களை விட்டுக் கைக்கு வந்தோம். பேரன் மூன்று சுட்டிகளையும் ஒவ்வொன்றாக இடக்கையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் அப்படியே நின்றான். கடைக்கார இளைஞருக்கு இது வேடிக்கையாக இருந்தது. சிலர் முழு உள்ளங்கையையும் சுட்டியின்மேல் சாய்ப்பர். சிலர் பூனை நகம் போல விரலை மடக்கிப் பிடிப்பர். சிலர் விரல்நுனியால் மட்டும் தொடுவர். என் கை பெரியது, நான் சாய்ப்பவன். அவன் மடக்கிப் பிடிப்பவன். மிகச் சிறியதும் மிகத் தட்டையானதும் எனக்கு ஆகா. மிகப் பருத்தது அவனுக்கு ஆகாது. நடுத்தரமான ஒன்று இருவருக்கும் ஒத்துவந்தது. ஏறத்தாழ 85 கிராம் எடை. விளையாடும்போது சுட்டியை அடிக்கடி தூக்கி வைக்க வேண்டியிருப்பதால் எடை குறைந்தது நல்லது என்றான் அவன். பொத்தான்களை அழுத்திப் பார்த்தோம். ஒருமுறை சொடுக்கினால் இருமுறை பதிவது மலிவான சுட்டிகளும் தேய்ந்த சுட்டிகளும் காட்டும் நோய். அதைக் கடையிலேயே கணிப்பொறியில் செருகிச் சோதித்தோம். சக்கரம் படிப்படியாகச் சுழல்கிறதா என்றும் பார்த்தேன். நீண்ட கட்டுரைகளைத் திருத்துபவனுக்குச் சக்கரமே உயிர்.

ஒரு குறை மட்டும் இருந்தது. வடிவம் இருபுறமும் ஒத்தது எனினும், பக்கப் பொத்தான்கள் இரண்டும் இடப்புறத்திலேயே இருந்தன. வலக்கைக் கட்டைவிரலை எண்ணி வைத்தவை அவை. இடக்கையாற் பிடித்தால் மோதிர விரலும் சுண்டுவிரலும் அவற்றின்மேல் விழும். இருபுறமும் பொத்தானுள்ளவை உண்டு. அவை எங்கள் தொகைக்கு எட்டவில்லை. நான் தயங்கினேன்.

"பரவாயில்லை தாத்தா. என் கணக்கில் அவை இரண்டையும் செயலிழக்கச் செய்துவிடுவேன். இல்லாவிட்டால் கல்லூரி விண்ணப்பம் நிரப்பும்போது விரல் பட்டுப் பக்கம் பின்னே போய்விடும்" என்றான்.

அவன் சொன்ன 'கணக்கு' என்பது கணிப்பொறியில் ஒவ்வொருவர்க்கும் தனியே திறக்கும் பயனர் கணக்கு. இதை நான் அவனிடமே கற்றேன். பொத்தான்களை இடம்மாற்றும் அமைப்பும், அம்புக்குறியின் வேகமும் அந்தந்தக் கணக்கோடு நின்றுவிடும். அவன் கணக்கில் வலப்புறப் பொத்தான் முதன்மைப் பொத்தான். என் கணக்கில் இடப்புறப் பொத்தான். ஒருவர் அமைப்பை மற்றவர் கலைக்க வேண்டியதில்லை. எஞ்சிய பணத்தில் மௌஸ்பேட் என்னும் துணி விரிப்பு ஒன்றும் வாங்கினோம். இக்காலச் சுட்டியின் அடியில் சிறு விளக்கும் சிறு கண்ணும் உள்ளன; அக்கண் தரையை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படம்பிடித்து, படத்துக்குப் படம் ஒப்பிட்டே தான் நகர்ந்ததை அறிகிறது. எங்கள் மேசையிலோ கண்ணாடி பதித்திருக்கிறது. கண்ணாடியில் அதற்கு ஒன்றும் புலப்படுவதில்லை. பழைய சுட்டி தள்ளாடியதற்குப் பாதிக் காரணம் அந்தக் கண்ணாடியே என்று அன்றுதான் தெரிந்தது.

விளையாட்டுக்காக ஏன் இவ்வளவு பேச்சு என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். நானும் அவ்வாறு கேட்டவன்தான். 2018இல் ஜகார்த்தாவில் காட்சிப் போட்டியாக இருந்த மின்விளையாட்டு, 2023இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் பதக்கப் போட்டியாயிற்று. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் வேறு. அதனை 2025ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் தடுத்துள்ளது. என் பேரன் பதக்கம் பெறப்போவதில்லை; அவனே அதைச் சொல்லிவிட்டான். நாள்தோறும் ஒரு மணி நேரம் நண்பர்களோடு ஆடுகிறான். தேர்வு வந்தால் நிறுத்துகிறான். அதற்குமேல் நான் கேட்பதில்லை.

இடக்கையால் ஆடுவதிலும் ஒரு தொல்லை உண்டு. விளையாட்டுகளில் முன்னும் பின்னும் நடக்கும் விசைகள் பெரும்பாலும் விசைப்பலகையின் இடப்பக்கத்தில், இடக்கைக்கென்றே அமைந்தவை. இவன் அவற்றையெல்லாம் வலப்பக்க விசைகளுக்கு ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்கிறான். புதிய விளையாட்டு ஒன்று தொடங்கினால் முதல் அரை மணி இந்த வேலைக்கே போய்விடும். முகம் சுளித்து நான் கண்டதில்லை. பழகிப்போயிற்று போலும்.

ஆனால் வலக்கையாளருக்கு உள்ள ஒரு தொல்லை அவனுக்கு இல்லை. விசைப்பலகையின் வலக்கோடியில் எண் விசைகள் உள்ளன. அவற்றைத் தாண்டிச் சுட்டியை எட்டிப் பிடிப்பதால் நம் தோளும் கையும் நாள் முழுதும் விலகியே நிற்கின்றன. இரண்டு ஆண்டாக என் வலது மணிக்கட்டு வலித்ததற்கு, அதுவும், கையை மேல்நோக்கி மடித்தபடி சுட்டியைப் பிடித்த பழக்கமும் காரணம் என்று மருத்துவர் கூறினார். முழங்கையை மேசையில் தாங்கச் சொன்னார். மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும் என்றார். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொன்னார். மாணவர்களே, உங்களுக்கு இப்போது வலி இராது. எனக்கும் உங்கள் வயதில் இருந்ததில்லை.

வலக்கைக்கு ஓய்வு தரலாமென்று, அண்மையில், காலையில் பத்து நிமிடம் மட்டும் நானும் இடக்கையாற் சுட்டியைப் பிடிக்கிறேன். பேரனின் கணக்கைத் திறந்துகொள்கிறேன். அம்புக்குறி என் சொற்படி கேட்பதில்லை. மேலே போகச் சொன்னால் பக்கவாட்டில் ஓடுகிறது. நேற்று ஒரு கோப்பைத் திறக்க நான்கு முறை முயன்றேன். மூன்றுமுறை அடுத்த கோப்பு திறந்துகொண்டது. அறுபத்தாறு வயதில் விரல் கூசுகிறது. கல்லூரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பேரன் கதவருகே நின்று பார்த்துவிட்டு, "மெதுவாகத் தாத்தா, யாரும் மதிப்பெண் போடவில்லை" என்று சொல்லிச் சென்றான். ஐந்தாம் முறை கோப்பு திறந்தது.